மணி அடிக்காத பாடவேளை

நான் படிப்பித்த பாடசாலையில் ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு பத்திக் கைக்குட்டையைக்கூட முடிக்க முடியாது. மெழுகு பதமாக உருகவே கால் மணித்தியாலம் போய்விடும். தூரிகையை எடுத்துப் பிள்ளை முதல் கோட்டை இழுக்கும்போது அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் சித்திர ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் நான் இந்த மணியோடுதான் மல்லுக்கட்டினேன்.

இளைப்பாறிய பிறகு என் மனதில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் மிஞ்சியிருக்கிறது. பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட எங்கள் பிள்ளைகள், விடுமுறையில் பத்து நாளாவது ஓரிடத்தில் தங்கியிருந்து கைவேலை பழக வேண்டும். பின்னேர வகுப்புக்குப் போய்விட்டுப் பொழுதுபட வீடு திரும்புவதை நான் சொல்லவில்லை. அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே உறங்கி, விடிந்ததும் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வெளிநாடுகளில் இதைக் கோடைக்காலக் கலை முகாம் என்பார்கள். எங்களுக்கு நீண்ட கோடை விடுமுறை இல்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள்தான். ஆனால் சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை பிள்ளைகள் காத்திருக்கும் மாதங்கள் இருக்கின்றனவே, அவை போதும்.

பத்திக் சொல்லித்தரும் பாடம்

தங்கிப் பழக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணத்தைப் பத்திக் வேலையை வைத்தே விளக்கலாம்.

முதலில் வெள்ளைப் பருத்தித் துணியை நன்றாகக் கழுவி, அதிலுள்ள கஞ்சிப் பசையைப் போக்க வேண்டும். பசை இருந்தால் சாயம் சீராகப் பிடிக்காது. துணி காய்ந்ததும் பென்சிலால் உருவம் வரைகிறோம். பிறகு மெழுகு. பரபின் மெழுகையும் தேன்மெழுகையும் கலந்துதான் உருக்குவது வழக்கம். பரபின் இறுகினால் வெடிக்கும். அந்த வெடிப்புகளுக்குள் சாயம் ஓடி, பத்திக்குக்கே உரிய நரம்புக் கோடுகளை உண்டாக்கும். தேன்மெழுகு வளைந்துகொடுத்துத் துணியை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெடிப்பு அதிகம் வேண்டுமா குறைவாக வேண்டுமா என்பதைப் பொறுத்து இரண்டின் அளவும் மாறும்.

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஆகவே கடைசி வரை வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களை முதலில் மூடிவிட்டுத் துணியை மஞ்சளில் தோய்க்கிறோம். காய்ந்த பின், மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை மூடிச் சிவப்பில் தோய்க்கிறோம். மஞ்சளின் மேல் சிவப்பு ஏறிச் செம்மஞ்சளாகும். இப்படி இளநிறத்திலிருந்து கடுநிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு தோய்ப்புக்குப் பிறகும் துணி நிழலில் உலர வேண்டும். எல்லாம் முடிந்தபின் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றும்போதுதான் முழுப்படமும் வெளிப்படும். நிதானமாகச் செய்தால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

இந்த வேலை பிள்ளையின் சிந்தனையைத் தலைகீழாகத் திருப்புகிறது. கடதாசியில் வரையும்போது நிறத்தைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பத்திக்கில், முடிவில் எது வெள்ளையாக எஞ்ச வேண்டும் என்பதை முதல் நாளே தீர்மானித்தாக வேண்டும். மூடத் தவறிய இடத்தைப் பிறகு மீட்க முடியாது. பரீட்சைத் தாளில் விடையை வெட்டித் திருத்திப் பழகிய பிள்ளைக்கு இது புது அனுபவம். முன்கூட்டி யோசிப்பது, காத்திருப்பது, எதிர்பாராமல் வந்த கோட்டையும் ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப வடிவத்தை மாற்றுவது ஆகிய மூன்றையும் எந்தப் புத்தகத்தையும்விடத் துணி வேகமாகக் கற்றுக்கொடுக்கிறது.

மாடிவீட்டுப் பிள்ளைகள்

வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் பெரிய நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. நெசவாளர்கள் நிரம்பியிருந்த அந்த ஊரில் இன்று வளரும் பிள்ளைகளில் தறியை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. பாவு எது, ஊடை எது என்று கேட்டால் விழிப்பார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை. காலி வீதியின் இருபுறமும் ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்மாடிகள். முற்றம் இல்லை, கிணற்றடி இல்லை. மெழுகு காய்ச்சினால் மேல்வீட்டுக்கு மணக்கும். சாயம் தோய்த்தால் குளியலறை ஓடு கறைபடும். களிமண்ணை எங்கே பிசைவது?

கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளிச் செட்டியார் தெருவில் நகைக் கடைகள். கல்வேலையும் பொன்வேலையும் கண்ணெதிரே இருக்க, பிள்ளைகள் அவற்றைக் கடந்து ரியூசனுக்கு ஓடுகிறார்கள். வீட்டில் இடமும் பாடசாலையில் நேரமும் இல்லாத பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடுதான் வதிவிட முகாம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இந்த வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. 1928இல் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிகளுக்கு நடுவே மாணவர் இசைக்குழு முகாமாகத் தொடங்கிய இன்டர்லொக்கன், பின்னர் நாடகம், நடனம், ஓவியம் என்று விரிந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது 1940களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் உருவான பக்ஸ் ரொக் முகாம். வியன்னாவிலிருந்து வந்த ஏர்ன்ஸ்ட், இல்ஸே புலோவா தம்பதியினர் அதைத் தொடங்கினார்கள். இருவரும் மொன்டிசோரி வழியில் நம்பிக்கை கொண்டவர்கள். இன்று மட்பாண்டமா, மரவேலையா, அச்சுக்கலையா என்பதைப் பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த அடிப்படை. பெரியவர்கள் தங்கள் தங்கள் வேலைக்களத்தில் இருப்பார்கள். பிள்ளை தேடிப் போய்ப் பழக வேண்டும்.

எங்கள் மண்ணில்

கடல் கடந்து மாதிரி தேட வேண்டியதில்லை. வங்காளத்தில் தாகூர் நடத்திய சாந்திநிகேதன் பள்ளியில், அவர் 1927இல் ஜாவாவுக்குப் போய்வந்த பிறகு பத்திக் கலை வேர்விட்டது. 1934 மே 20ஆம் திகதி அவரே ஹோரணைக்கு வந்து ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார். வில்மட் ஏ. பெரேரா சாந்திநிகேதனை மனதில் வைத்து அமைத்த கல்விநிலையம் அது. பாட்டும் ஆட்டமும் ஓவியமும் கைத்தொழிலும் படிப்பின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் அப்படி ஒரு கனவு எழுந்தது என்பதை எங்கள் பெற்றோர் பலர் அறியார்.

1949இல் கோரா ஏபிரகாம் பம்பலப்பிட்டியில் சிறுவர்க்கான சித்திர வகுப்பைத் தொடங்கினார். பெரியவர்களின் படத்தைப் பார்த்துப் பிரதி செய்வதுதான் சித்திரம் என்றிருந்த காலத்தில், பிள்ளை தான் கண்டதைத் தன் கையால் வரையட்டும் என்றார் அவர். தலைமுறை தலைமுறையாகக் கொழும்புப் பிள்ளைகள் அந்த வழியில் பழகியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்களுக்கு நல்லாயன் கன்னியர் மடம் நன்றாகத் தெரியும். அந்தச் சபையின் அருட்சகோதரிகள் ஆதரவற்ற பெண்களுக்கு நெசவு பழக்கி வந்தார்கள். அந்த நெசவுக்கு வடிவமைத்துத் தரும்படி 1960களில் அவர்கள் அழைத்தது ஓவியர் பார்பரா சன்சோனியை. அவர் துணிச்சலான நிறப் பட்டைகளைத் தறிக்குக் கொண்டுவந்தார். அந்த உழைப்பிலிருந்து 1964இல் பிறந்ததுதான் காலி வீதியில் இன்றும் பலர் போய் வாங்கும் ‘பெயார்ஃபூட்’. 2022இல் அவர் மறைந்தபோது, அவர் பழக்கிய நிறங்கள் எத்தனையோ கிராமத்துத் தறிகளில் ஓடிக்கொண்டிருந்தன.

அதே 1960களில் பத்திக்கை உயர்ந்த கலையாக்கியவர் ஏனா டி சில்வா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரையடியில் விரிந்த பத்திக் துணிகள் அவருடையவை. 1980களில் தன் பூர்வீக ஊரான மாத்தளை அலுவிகாரைக்குத் திரும்பி, அயலிலுள்ள இளம் பெண்களுக்குப் பத்திக்கும் தையல் வேலைப்பாடும் பழக்கினார். அங்கே மரவேலையும் பித்தளை வார்ப்பும் நடந்தன. 2015இல் மறையும்வரை அந்த ஊரை விட்டு அவர் நீங்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் இருந்துதான் வேலையைப் பழகலாம் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

தங்கியிருந்தால் என்ன நடக்கும்?

விடுமுறைகளில் என் மாணவிகளில் விரும்பியவர்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் தங்கியிருக்கிறேன். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் கைப்பேசியைத் தேடுவார்கள். மூன்றாம் நாள் விரலில் சாயம் ஊறியிருக்கும்; கைப்பேசியைத் தொட மனம் வராது. காலையில் தேத்தண்ணிக்கு முன்பே, காயப்போட்ட துணி எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கக் கொடியடிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை நான் எந்த வகுப்பறையிலும் கண்டதில்லை.

பனையோலை வேலை பழக்க வடக்கிலிருந்து ஓர் ஆச்சியை அழைத்திருந்தோம். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, கொதிக்கும் சாயத்தில் போட்டெடுத்து, பிறகு பின்னுவது. குருத்தோலையில் பெட்டி, சார்வோலையில் கடகம் என்று ஓலைக்கு ஓலை வேலை வேறு. அவசரக்காரி ஒருத்தி இழையை இறுக்கி இழுக்க, ஓலை கிழிந்தது.

“இழுக்காதை பிள்ளை. கொஞ்சம் ஈரப்படுத்திப் போட்டுத் திரும்பப் பின்னு. அது தானா வளையும்” என்றார் ஆச்சி.

“எத்தனை தரம் ஆச்சி பின்னுறது?”

“கை பழகுமட்டும்.”

அந்தப் பிள்ளை அன்று இரவு மற்றவர்கள் படுத்த பிறகும் இருந்து ஒரு சின்னக் குட்டானைப் பின்னி முடித்தாள். பாடசாலையில் எதையும் முடிக்கமாட்டாள் என்று பெயரெடுத்தவள். அவளை யாரும் புத்திமதி சொல்லித் திருத்தவில்லை. வேலை முடியும்வரை நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடக்கும். சாய வாளியை இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். ஈரத் துணியை இருவர் பிடித்துத்தான் பிழிய வேண்டும். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே கொடியில் துணி விரிக்கும்போது அரைகுறை மொழியே போதுமாகிவிடுகிறது. கொழும்பில் பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகளில் படித்தும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய பேறு.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளையை வெளியில் தங்கவிடத் தயங்கும் தாய்தந்தையரை நான் குறைகூற மாட்டேன். இந்த நாட்டில் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் பயத்தைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் பிள்ளைகளோடு தங்கும் பொறுப்பாளர் யார்? பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் உண்டா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? அருகில் வைத்தியசாலை எவ்வளவு தூரம்? பிள்ளை வீட்டோடு எப்போது பேசலாம்? பெற்றோர் நேரில் வந்து பார்க்க அனுமதி உண்டா?

வேலைக்களத்தையும் பாருங்கள். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். மெழுகில் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை நிறுத்தி, மூடியால் மூட வேண்டும். சாயத்துக்கு எரிசோடா பாவித்தால் சோடாவைத்தான் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவர்களிடம் பிள்ளையை நம்பி விடலாம். பதில் சொல்லத் தடுமாறினால் அனுப்பாதீர்கள்.

கடைசி நாளில் கண்காட்சி வைப்பார்களா என்று பலர் கேட்பார்கள். வைக்கட்டும். ஆனால் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் வேண்டாம். பரிசுக்காகச் செய்யும் வேலை எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

யார் தொடங்குவது?

கொழும்பில் எங்களுக்கு அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் அதே வெள்ளவத்தையில். ஆலய அறங்காவலர்கள், பங்குகள், பழைய மாணவர் சங்கங்கள் எத்தனை! ஒரு பாடசாலையின் பழைய மாணவிகள் மட்டும் நினைத்தாலே போதும்: விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு விடுதி, இரண்டு அடுப்பு, நான்கு வாளி, ஒரு தறி, வேலை தெரிந்த மூன்று பேர். வசதியில்லாத பிள்ளைக்கு இன்னொரு குடும்பம் கட்டணத்தைக் கட்டட்டும். வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் ஓலையும் மண்ணும் நூலும் தெரிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். அழைப்பதற்கு ஆளில்லாமல்தான் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓய்வதற்குள் பிள்ளைகளின் கை பழக வேண்டும்.

வரும் விடுமுறைக்கு ரியூசன் நேரசூசியை எழுதும் முன், உங்கள் பாடசாலை அதிபரிடமோ கோயில் சபையிடமோ பங்குத் தந்தையிடமோ ஒரு தடவை பேசிப் பாருங்கள். பத்து நாள் முகாமுக்கு இடம் தருவீர்களா என்று கேளுங்கள். இடம் கிடைத்தால், மெழுகும் தூரிகையுமாக வந்து நிற்க என்னைப்போல் இளைப்பாறிய ஆசிரியர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறோம்.