மேட்டில் ஒரு குடித்தனம் – 6: மே மாதத்து மலை

போன வாரம், நீலகிரியில் குடியேற வீடு தேடி புரோக்கரின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். அந்த ஜீப் எங்களை இறக்கிவிட்ட முதல் வீடு குன்னூருக்குப் பக்கத்தில் இருந்தது. மே மாதம், காலை பத்து மணி. கீழே மேட்டுப்பாளையத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது; இங்கே ஸ்வெட்டர் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்கு இதமான குளிர். வாசற்படியை ஒட்டியே தேயிலை சரிந்து இறங்குகிறது. அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். என் மனைவி திரைச்சீலைக்கு நிறம் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன், மனசுக்குள் அட்வான்ஸ் தொகையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டை நாங்கள் எடுக்கவில்லை. கெடுத்தது ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் கிராமத்தை, சேர்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார். எங்களையும் புரோக்கரையும் ஒருமுறை பார்த்தார்.

“வீடு பார்க்க வந்தீங்களா? மே மாசத்துல இங்க எல்லா வீடும் நல்ல வீடுதான் சார். ஐப்பசியில வந்து பாருங்க.”

புரோக்கர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏன் ஐப்பசி என்று கேட்டேன். டீ ஆறும்வரை அவர் சொன்னதுதான் இந்த வாரத்து விஷயம்.

நீலகிரியைக் கீழேயிருந்து பார்க்கிற நமக்கு அது ஒரே மலை. உண்மையில் அதற்கு இரண்டு முகம். நடுவில் தொட்டபெட்டா, 2,637 மீட்டர் உயரத்தில், தன் மலைத்தொடரோடு ஒரு குறுக்குச் சுவர் மாதிரி நிற்கிறது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் மேற்கு முகம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால் ஆகஸ்ட்வரை அங்கே துணி காயாது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கு முகம். அங்கே ஜூலையில் தூறலும் மூடுபனியும்தான். கணக்குத் தீர்க்கிற மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வரும். ‘ஊட்டிப் பக்கம் மழை எப்படி?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த ஊர், எந்த முகம் என்று கேட்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது மேற்கின் கணக்கு. 2009 நவம்பரில் கேத்தியில் அதே மாதிரி 80 சென்டிமீட்டருக்கு மேல். அது கிழக்கின் கணக்கு. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில்தான் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். அந்த நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகை வட்டாரத்தில் மலை நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்னால் 1993 நவம்பரில் மரப்பாலம். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையையும் ரயில் பாதையையும் மண் ஒரேயடியாக வாரிக்கொண்டு போனது. வாத்தியார் இரண்டையும் பார்த்தவர். “இங்க வயசானவங்க வருஷத்தைச் சொல்லமாட்டாங்க. மரப்பாலம் விழுந்ததுக்கு முன்ன, பின்னன்னுதான் சொல்வாங்க” என்றார்.

பிறகு எழுந்து வந்து, நாங்கள் ஆசைப்பட்ட வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நாங்கள் வாசலை மட்டும் பார்த்திருந்தோம். அவர் நேராகக் கொல்லைக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி இடம் எடுத்திருந்தார்கள். வெட்டு இன்னும் செக்கச்செவேல் என்று இருந்தது. அதாவது புது வெட்டு, புல்கூடப் பிடிக்கவில்லை. தடுப்புச் சுவர் இருந்தது. ஆனால் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வர ஒரு ஓட்டைகூட வைக்கவில்லை. மண் ஊறினால் சுவர் தாங்குகிற பாரம் மண்ணோடு நிற்காது, தண்ணீரும் சேரும். மேலே சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தன. “மண்ணு மெல்ல நகருது, மரம் நிமிர்ந்துக்கப் பாக்குது. அவ்வளவுதான்” என்றார். எனக்கு அது அழகான மரமாகத்தான் தெரிந்திருந்தது. கடைசியாக, மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று புரோக்கரைக் கேட்டார். புரோக்கர் கையை நீட்டிய திசையில் வேறொரு வீட்டின் கார் ஷெட் நின்றுகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமலில்லை. 1993-இல் வந்த மலைப்பகுதிக் கட்டட விதிகள் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்றன. பொக்லைன் இறக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. மலையில் நடந்து பார்த்தால் விதி எங்கே, வீடு எங்கே என்பது கண்ணுக்கே தெரியும்.

சரி, சரிவு ஆபத்து என்றால் பள்ளத்தில் சமதரையாகப் பார்த்துக் குடியேறலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உதகையில் அப்படி ஒரு வீடு பார்த்தோம். கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் அடியில், காய்கறித் தோட்டத்தை ஒட்டி. அங்கே சிக்கல் வேறு. குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத இரவில் அது தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி விடியற்காலையில் உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். அதே நேரத்தில் நூறடி மேலே சரிவில் இருக்கிற வீட்டில் உறைபனி இருக்காது. மேலே போகப் போகக் குளிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, ஒரே பள்ளத்தாக்குக்குள் தலைகீழாகிவிடுகிறது. உறைபனிக் காலத்தில் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தாலே புரிந்துவிடும்: பள்ளத்துச் செடிகள் கருகியிருக்கும், சற்று மேலே உள்ளவை பச்சையாக நிற்கும். அந்தக் கோடு எங்கே விழுகிறதோ, அதற்கு மேலே வீடு பார்க்க வேண்டும்.

பழைய படகர் ஹட்டிகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன என்று இனி போகும்போது கவனியுங்கள். பள்ளத்தில் இல்லை, செங்குத்தான சரிவிலும் இல்லை. தாழ்ந்த மேட்டின் மேல், சுற்றிலும் வயல், வரிசை வரிசையாக வீடுகள். யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. எதிரில் இருந்த ஹட்டியைப் பார்த்த பிறகு கேட்கவும் தோன்றவில்லை.

வெளியூர்க்காரர்களில் இந்த மலையில் முதன்முதலில் வீட்டுக்கு இடம் தேடியவர்களில் ஒருவர் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-இல் ஏறி வந்தவர் கோத்தகிரிப் பக்கம் கண்ணேரிமுக்கில்தான் முதலில் பங்களா கட்டினார். பிறகு மனம் மாறி, தோடர்களின் மேய்ச்சல் நிலமாக இருந்த உதகைக்குப் போய்க் கல் பங்களா எழுப்பினார். சதுப்புப் பள்ளத்தில் ஓடிய ஓடைகளை மறித்து ஏரியும் வெட்டினார். கலெக்டருக்கே முதல் இடம் நிலைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

கூடலூரையும் பார்த்தோமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பார்த்தோம். குளிர் குறைவு, வாடகையும் குறைவு, எங்களோடு வரப்போகும் அம்மாவின் மூட்டுவலிக்கு ஏற்ற இடம். வாடகைக்கு இருக்கலாம், தவறில்லை. வாங்குவதென்றால், ஜென்மம் நிலம் என்ற சொல்லைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கையில் ஜென்மமாக இருந்த நிலங்களை அரசு எடுக்க 1969-இல் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களுக்கு இன்றைக்கும் தீர்வில்லை. பல தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்கும் கரண்டுக்கும் அலைகிறார்கள். ஆசையைத் தவிர வேறு பத்திரமில்லாத நாம் அங்கே எம்மாத்திரம்? மசினகுடிப் பக்கம் யானை வழித்தடம். அங்கே ரிசார்ட்டுகளுக்கு எதிரான வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் யானைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. யானைக்குச் சேர வேண்டிய இடத்தில் நான் ஏன் போட்டிக்கு நிற்க வேண்டும்?

கடைசியில் எங்களுக்கு முடிவெடுத்துக் கொடுத்தது அம்மா. 78 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எந்த வழியாக இறங்குவீர்கள் என்று வாத்தியார் கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் தேடினோம். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் மலைக்காரர்கள் இன்னும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். கீழே போக குன்னூர் – பர்லியாறு சாலை ஒன்று, கோத்தகிரி – குஞ்சப்பனை சாலை ஒன்று. மண் சரிந்து ஒன்று அடைபட்டாலும் மற்றதில் இறங்கலாம். பலாப்பழக் காலத்தில் இரண்டிலும் யானை நிற்கும், அது தனிக்கதை. ஆகவே இரண்டு சாலைக்கும் எட்டுகிற இடம் வேண்டும். மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் உதகை கழிந்தது, கோத்தகிரி நின்றது.

வாங்கவில்லை, ஒரு வருடத்துக்கு வாடகை. டவுனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், மேட்டு நிலம், வீட்டுக்குப் பின்னால் வெட்டு இல்லை. குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டோம். “கோடையிலா, மழையிலா?” என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். உள்ளே போய் மூன்று டிரம்களைக் காட்டினார். கரடி வருமா என்று மனைவி கேட்டாள். “சமையல் எண்ணெயை வெளிய வைக்காதீங்க, அது பாட்டுக்குப் போயிரும்” என்றார், பால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அக்டோபர் கடைசியில் சாமான்களோடு வருகிறோம் என்றேன். அவர் பணத்தை எண்ணுவதை நிறுத்தினார்.

“நல்ல மழையில வர்றேங்கறீங்களே சார். கோடையில வாங்களேன், லாரிக்காரனும் சொன்ன பேச்சு கேப்பான்.”

“கோடையில்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே” என்றாள் என் மனைவி. அவர் தலையைச் சொறிந்துகொண்டே, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.

(தொடரும்)