மறைத்தேன்... மதிப்பு குறைந்தது!



"வீட்டை விற்கப் போறீங்களா? முகப்புல டைல்ஸ் ஒட்டுங்க, பட்டாசல்ல சீலிங் போடுங்க, விலை தானா ஏறும்" என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அதைக் கேட்டு நான் பட்ட பாட்டை எழுதினால், என் நிலையில் இருக்கும் யாராவது ஒருத்திக்கு உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் ஆறுமுகநேரி. என்னவர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். 2023ல் அவருக்கு இருதய ஆபரேஷன். என் நகையெல்லாம் பேங்குக்குப் போனது. கைமாற்றுக் கடன் வேறு. வீட்டை விற்று கடனை அடைத்து, மீதியில் தூத்துக்குடியில் ஒத்திக்கு வீடு பிடித்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று முடிவு செய்தோம். அந்த நேரம் பார்த்து வந்தது மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை! எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், சுவரைச் சுற்றி ஒரே சீராக சேற்றுக் கோடு.

"இந்தக் கோடு தெரிஞ்சா வீடு விலை போகாதும்மா" என்றார் புரோக்கர். அவர் சொன்னபடியே சுவரில் சிமென்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்தோம். முகப்புக்கு டைல்ஸ், பட்டாசலுக்கு சீலிங். எல்லாம் சேர்த்து தொண்ணூறாயிரம் ரூபாய், அதுவும் வட்டிக்கு வாங்கியது. வீடு கல்யாண வீடு மாதிரி பளபளத்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி மாசம் வந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தொட்டால் வெள்ளை வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. வந்த இரண்டு பார்ட்டியும் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, கேட்ட விலையில் மூன்று லட்சம் குறைத்தார்கள். மூன்றாவதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா நேராகவே கேட்டார்: "வெள்ளத்துல தண்ணி எவ்வளவு ஏறிச்சு?" புரோக்கர் முந்திக்கொண்டு, "இந்தத் தெருவுக்கு வரவே இல்லம்மா" என்றார். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த அம்மா புறவாசல் கதவின் கீழ்ப் பக்கத்தைப் பார்த்தார். மரம் ஊறி உப்பியிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்து, "சுவரைப் பூசிட்டீங்க, கதவை மறந்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தானே! அடுத்த மழையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் நின்றால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

என் அத்தைதான் (மாமியார்) முதலில் பேசினார். "இது உங்க மாமா காலத்துச் சுண்ணாம்புச் சுவரு. இதுக்கு மூச்சு விடணும்ட்டி. நீ சிமென்டைப் பூசி மூச்சை அடைச்சிட்ட" என்றார். கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கும் என் சித்தி மகனை வரவழைத்தேன். அவனும் அதையே சொன்னான். "அக்கா, அத்தான் வேலை பார்க்கிற உப்பளத்துல என்ன நடக்குதோ, அதுதான் உங்க சுவத்துலயும் நடக்குது. தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு நின்னுரும். சுவர் காயுறதுக்குள்ள பூசினீங்க. அதுவும் உப்புத் தண்ணி போர்ல பிடிச்சு சிமென்ட் குழைச்சிருக்காங்க!"

மறுபடி வேலை ஆரம்பித்தோம். இந்த முறை கண்ணுக்குத் தெரியாத இடங்களில்.

முதலில் இடுப்பளவு வரை சிமென்ட் பூச்சை உடைத்து எடுத்தோம். சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் வெயிலில் சுவரை ஆறவிட்டு, மேலே வந்த உப்பை காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். பிறகு நல்ல தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வெள்ளை.

அடுத்தது தட்டட்டி. 1994ல் ஓட்டைப் பிரித்துவிட்டுப் போட்ட கான்கிரீட். உள்ளே படுக்கை அறைப் பக்கம் காரை பெயர்ந்து துருக் கம்பி தெரிந்தது. நம் கடல் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறதாம். மேலே பூசி மறைத்தால் போதாது. பெயர்ந்ததை உதிர்த்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருவைத் தடுக்கும் பூச்சு அடித்து, அப்புறம்தான் அடைக்க வேண்டும். அதையும் செய்து, மேலே தண்ணீர் தேங்காமல் வாட்டம் வைத்து தட்டோடு பதித்தோம்.

சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றினோம். கரண்ட் கசிந்தால் தானே நின்றுவிடும் சுவிட்சும் மாட்டினோம். வாறுகாலைத் தோண்டி வாட்டம் சரி செய்தோம். மண் மூடிக் கிடந்த மழைநீர்த் தொட்டியைத் தூர் வாரினோம்.

பத்திரத்திலும் ஒரு ரிப்பேர் இருந்தது! பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே கிடந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்குள்ள நாத்தனார்கள் இருவரையும் சம்மதிக்க வைத்து, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்தேன்.

இதற்கெல்லாம் ஒன்றரை லட்சம் ஆனது. தம்பியும் நாத்தனாரும் கடன் கொடுத்தார்கள். புரோக்கரை அனுப்பிவிட்டோம். ஸ்டோர் ரூம் சுவரில் மட்டும் அந்தச் சேற்றுக் கோட்டை அழிக்காமல் விட்டேன். என்னவர், "உனக்கென்ன கிறுக்கா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

2024 ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் பூக்கவில்லை, தட்டட்டி ஒழுகவில்லை. அடுத்த தை மாசம் திருச்செந்தூர் பக்கமிருந்து ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். அதே கேள்வி. நான் ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போய், "இதுவரைக்கும் ஏறிச்சுங்க. அதுக்கப்புறம் இன்னின்ன வேலை பார்த்தோம்" என்று பில் முதற்கொண்டு காட்டினேன். அந்த டீச்சர் சீலிங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டட்டிக்கு ஏறினார், வாறுகாலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், பத்திரத்தைப் புரட்டினார். பேரம் இருபதாயிரத்தோடு முடிந்தது. மாசி மாசம் ரிஜிஸ்டர் ஆனது.

கணக்குப் பார்த்தால், நாங்கள் கேட்டதற்கு மேல் ஒரு பைசா அதிகம் வரவில்லை. ஆனால் முதலில் குறைத்துக் கேட்ட மூன்று லட்சம் குறையாமல் வந்தது. ரிப்பேர் வேலை விலையை ஏற்றும் என்பதை விட, இறங்காமல் பிடித்து நிறுத்தும் என்பதே நான் கண்டது. டைல்ஸுக்கும் சீலிங்குக்கும் போட்ட தொண்ணூறாயிரம் கடலில் கரைத்த காயம்தான்.

தோழியரே, வீட்டை விற்பதாக இருந்தால் முதலில் தட்டட்டிக்கு ஏறுங்கள், வாறுகாலுக்குக் குனியுங்கள், பத்திரப் பையைத் திறங்கள். அழகு பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வாங்க வருகிறவள் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவளும் நம்மைப் போல நகையை அடகு வைத்துத்தான் வருவாள்.

என் நகைகள் திரும்பி வந்துவிட்டன. அந்த டீச்சர் போன வாரம் போன் செய்து, "அக்கா, சுவர் நல்லா இருக்கு" என்றார். நகை வந்ததை விட அதுதான் எனக்கு நிம்மதி.

- ஊர் பேர் மட்டும் போதும் என்று நினைக்கும் வாசகி, ஆறுமுகநேரி.