பறவைகளின் அபாயக்குரலும் மேய்ப்பரின் எச்சரிப்பும்

இறையியல் கல்லூரி வளாகத்தில் காலை ஆராதனைக்கு முந்திய அரைமணி நேரம் அமைதியானது. அந்நேரத்தில் வேப்பமரத்தடியில் சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடும் தவிட்டுக்குருவிகளை நம்மில் அநேகர் கண்டிருப்போம். அவை தனித்து வருவதில்லை. ஏழெட்டாகக் கூடியே வரும். அவற்றுள் ஒன்று மட்டும் கிளையொன்றில் அமர்ந்து, தலையைத் திருப்பித் திருப்பி நாற்புறமும் நோக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கையில், வல்லூறு ஒன்று மதிலோரமாகத் தாழப் பறந்து வந்தது. கிளையிலிருந்த குருவி குரல் எழுப்பிற்று. கண்ணிமைக்கும் நேரத்தில் தரையிலிருந்த குருவிகள் யாவும் மருதாணிப் புதருக்குள் மறைந்தன. அணில்கள் மரத்தோடு ஒட்டிக்கொண்டு அசைவற்றிருந்தன. வல்லூறு இரையின்றி அகன்றது. சில நிமிடங்கள் கழிந்தபின் குருவிகள் ஒவ்வொன்றாக வெளிவந்து, விட்ட இடத்திலேயே மீண்டும் சருகுகளைப் புரட்டத் தொடங்கின.

இக்காட்சியில் என் சிந்தையைக் கவர்ந்தது அவை ஒளிந்த விரைவு அன்று. அவை திரும்பி வந்ததேயாகும்.

ஆண்டவர் தம் சீடருக்குக் கவலையைக் குறித்துப் போதித்தபோது, ஆகாயத்துப் பட்சிகளை அவர்களுக்குச் சுட்டிக்காட்டினார். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அங்கே வரும் கிரேக்க வினை ‘எம்பிலெப்போ’. உற்றுநோக்குதல் என்பது அதன் பொருள். லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் காகங்களைப் பற்றிய இடத்தில் வருவது ‘கட்டனொயேயோ’. கருத்தூன்றி ஆராய்தலை அது குறிக்கும். ஆயினும் நாம் பிரசங்க பீடத்தில் பறவையைப் பற்றிப் பேசும்போது, அதை உற்றுநோக்கியவர்களாகப் பேசுகிறோமா? அச்சமே அறியாமல் பாடித் திரியும் உயிராக அதைச் சித்திரித்து, நீங்களும் அவ்வாறே இருங்கள் என்று சபையாருக்குக் கூறிவிடுகிறோம். உண்மையில் பறவையின் நாள் அச்சம் நிறைந்தது. சில விநாடிகளுக்கொருமுறை தலைநிமிர்ந்து பாராமல் அது இரை கொத்துவதில்லை. பறவைக்கு அச்சம் உண்டு. ஆனால் அபாயம் நீங்கியபின் அவ்வச்சத்தை அது சுமந்து திரிவதில்லை. ‘மெரிம்னாஓ’ என்னும் சொல்லால் ஆண்டவர் கண்டித்த கவலைக்கும் இயல்பான அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம்.

எச்சரிப்பது ஆயரின் கடமைகளுள் ஒன்று. எசேக்கியேல் முப்பத்துமூன்றாம் அதிகாரத்தின் காவலாளனைப் பற்றிய பகுதி அதைத் தெளிவாக்குகிறது. எவ்வாறு எச்சரிப்பது என்பதே வினா. இதைக் குறித்துப் பறவைகளை ஆராய்ந்தோர் கண்டறிந்த நான்கு செய்திகளைக் கவனிப்போம்.

முதலாவது, அபாயக்குரல் ஒரே வகையானதன்று. பீட்டர் மார்லர் என்னும் ஆய்வாளர் 1955ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் இதனை விளக்கினார். பருந்தினம் பறந்து வருகையில் சிறு பறவைகள் பல, மெல்லியதாய் உச்சநிலையில் நீளும் ஒலியை எழுப்புகின்றன. அவ்வொலி எத்திசையிலிருந்து வருகிறதென அறிவது கடினம், எனவே கூவிய பறவை காட்டிக்கொடுக்கப்படுவதில்லை, கேட்டவை ஒளிந்துகொள்கின்றன. ஆந்தை ஒன்று கிளையில் அமர்ந்திருக்கக் கண்டாலோ, கரடுமுரடாய்த் துண்டுதுண்டாக ஒலிக்கும் குரலை எழுப்புகின்றன. அதன் திசையை எளிதில் அறியலாம். கேட்டவை அவ்விடத்திலே கூடி, ஆந்தையைச் சூழ்ந்து இரைந்து விரட்டுகின்றன. நம் சபைகளிலும் இவ்விரு வகை அபாயங்கள் உண்டு. திடீரென வரும் சோதனைக்கு விலகியோடச் சொல்லுதல் தகும். ஆனால் நம் திருச்சபையில் சாதியுணர்வு பறந்து வந்து போகும் வல்லூறு அன்று; நெடுங்காலமாய்க் கிளையில் அமர்ந்திருக்கும் ஆந்தை. அதற்கு ஒளிந்துகொள்ளும் மெல்லிய குரல் போதாது. யாவரும் கூடி, அதன் பெயரை வெளிப்படையாகச் சொல்லியே அதை எதிர்க்க வேண்டும்.

இரண்டாவது, பொய்யான அபாயக்குரலும் உண்டு. நம் வயல்களில் கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் அழைக்கப்படும் பறவை காகத்தையும் பருந்தையும் துணிவுடன் துரத்துவது. ஆகவே புறா, மாங்குயில் போன்றவை அது கூடு கட்டிய மரத்திலேயே தாமும் கூடு கட்டுவதுண்டு. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியிலுள்ள அதன் இனத்தைச் சேர்ந்த பறவையை டாம் ஃபிளவர் ஆராய்ந்து, 2014இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மற்றவை இரையைக் கண்டெடுத்த தருணத்தில், அபாயமே இல்லாதபோது அது அபாயக்குரல் எழுப்புகிறது; அவை இரையை விட்டு ஓட, அதைத் தான் எடுத்துக்கொள்கிறது. ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டவை அதனைப் பொருட்படுத்தாமல் விடுகின்றன. எனவே அது வேறோர் உயிரினத்தின் குரலுக்கு மாறி மீண்டும் ஏமாற்றுகிறது. பறவையைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. அது தன் பசிக்கு வழி தேடுகிறது. ஆனால் காணிக்கையை உயர்த்தவோ தன் அதிகாரத்தை நிலைநிறுத்தவோ சபையை அச்சுறுத்தும் போதகர் தம்மைத் தாமே சோதித்தறிய வேண்டும். அச்சத்தினால் மந்தை சிதறும்போது, அது விட்டுச் சென்றதை எடுத்துக்கொள்பவர் யார்?

மூன்றாவது, ஓயாத அச்சம் தானே அழிவை விளைவிக்கிறது. கனடாவின் மேற்குக் கரையை அடுத்த தீவுகளில் வாழும் பாட்டுச்சிட்டு என்னும் சிறு பறவையைக் கொண்டு லியானா சனெட்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2011இல் வெளியிட்டனர். வலையும் மின்வேலியும் அமைத்து, கூடுகளை எந்த எதிரியும் அணுகாதபடி காத்தனர். பின்பு சில கூடுகளின் அருகே கொல்லும் உயிர்களின் குரல்களையும், வேறு சில கூடுகளின் அருகே தீங்கற்ற உயிர்களின் குரல்களையும் இனப்பெருக்கக் காலம் முழுவதும் ஒலிக்கச் செய்தனர். கொல்லும் குரல்களைக் கேட்டவை குறைவாக முட்டையிட்டன, குறைவாக அடைகாத்தன, குஞ்சுகளுக்குக் குறைவாகவே இரையூட்டின. முடிவில் அவற்றின் குஞ்சுகள் 40 விழுக்காடு குறைந்தன. ஒரு கூட்டையும் எதிரி தீண்டவில்லை. குஞ்சுகளைக் குறைத்தது குரல் மட்டுமே.

இதை வாசித்த அன்று என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. முப்பது வயதில் ஒரு கிராமச் சேகரத்தில் பணியாற்றினேன். அபாத்திரமாய்த் திருவிருந்தில் பங்குபெறுவதைக் குறித்து ஒரு லெந்து காலம் முழுவதும் கண்டிப்பாகப் பிரசங்கித்தேன். என் வைராக்கியத்தைப் பலர் பாராட்டினர். பல ஆண்டுகளுக்குப்பின் அச்சேகரத்துக்குச் சென்றிருந்தபோது, நோயுற்றுப் படுத்திருந்த ஒரு முதிய தாயாரைச் சந்தித்தேன். கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். திருவிருந்து தரட்டுமா என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீங்க அன்னைக்குச் சொன்னதக் கேட்டுப் பயந்து நின்னுட்டேன், ஐயா. திரும்ப வரலாம்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றார். பதினொரு ஆண்டுகள் அவர் கடைசி வரிசையில் அமர்ந்து, மற்றவர்கள் திருப்பீடத்தண்டை செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எச்சரிக்கும் குரலை நான் எழுப்பினேன். வல்லூறு போய்விட்டது என்று சொல்லுவது என் கடமையென அறியாதிருந்தேன்.

நான்காவது செய்தி இக்குறையையே தொடுகிறது. நம் தவிட்டுக்குருவிக்கு உறவான ஒரு பறவை கலகாரியில் வாழ்கிறது. மேற்கண்ட ஏமாற்றுக் குரலுக்கு ஆளாவனவற்றுள் அதுவும் ஒன்று. அவற்றில் காவலிருக்கும் பறவை அபாயக்குரலை மட்டும் எழுப்புவதில்லை. அபாயம் இல்லாத வேளையில் தாழ்ந்த தொனியில் இடைவிடாது மெல்லொலி எழுப்பிக்கொண்டிருக்கிறது. நான் விழித்திருக்கிறேன் என்பதே அதன் செய்தி. லிண்டா ஹோலனும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வொலியைக் கேட்கும் பறவைகள் அடிக்கடி தலைநிமிர்வதில்லை; பரந்து சென்று மேய்கின்றன; மிகுதியான இரையைப் பெறுகின்றன. காவலாளனின் பணியில் பெரும்பகுதி கூச்சலன்று, இந்த மெல்லொலியே. ஞாயிறுதோறும் கூறும் பாவமன்னிப்பின் வார்த்தையும், ஆசீர்வாதமும், வீடு சந்திப்பும், நோயாளியின் அருகில் செய்யும் சிறு ஜெபமும் சபைக்கு இவ்வாறே ஒலிக்கின்றன. இவை ஒலித்துக்கொண்டிருக்கும் சபையிலேதான் எச்சரிப்பின் குரலுக்கும் மதிப்பு உண்டு.

பறவைகளைக் கொண்டு நாம் கோட்பாடு அமைக்க இயலாது. இயற்கை நமக்கு நற்செய்தியை உரைப்பதில்லை. உரைக்கப்பட்டதைக் கூர்ந்து கேட்க நம் செவியைப் பழக்குகிறது. அன்றியும், எல்லாக் குருவிகளும் புதரை வந்தடைவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. பின்னொரு நாளில் அதே மரத்தடியில் சில இறகுகள் மட்டும் கிடக்கக் கண்டேன். அடைக்கலான் குருவி விழாது என்று ஆண்டவர் வாக்களிக்கவில்லை. அது பிதாவுக்குத் தெரியாமல் விழுவதில்லை என்றே போதித்தார். துக்க வீட்டில் நாம் பேசத்தக்கது இதுவே. இதற்கு மிஞ்சி வாக்களித்தால் நாமும் பொய்க்குரல் எழுப்பியவர்களாவோம்.

அந்தத் தாயார் மறுநாள் காலை திருவிருந்தைப் பெற்றுக்கொண்டார். அவருடைய கை நடுங்கிற்று. என் கையும் நடுங்கிற்று. அது முதல் எச்சரிப்பின் பிரசங்கம் எதையும், திரும்பி வாருங்கள் என்னும் அழைப்பின்றி நான் முடிப்பதில்லை. இளம் ஊழியர்களே, உங்கள் பிரசங்கக் குறிப்பேட்டை மூடுமுன் அவ்வழைப்பு அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.