உப்புக்காற்றில் ஒரு டிஜிட்டல் அருங்காட்சியகம்: பெசன்ட் நகரில் கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும்?

பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காற்று சூப்பர் என்பார்கள். அடுத்த வரியிலேயே துருவைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஜன்னல் கம்பி, கேட், ஏசியின் அவுட்டோர் யூனிட் என உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டுக்கே இந்தக் கதி என்றால், திரைகளும் சென்சார்களும் சர்வர்களும் நிறைந்த ஒரு கட்டடம் இங்கே எத்தனை வருஷம் தாங்கும்?

கணினியும் இணையமும் செல்போனும் வந்த கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் எதுவும் பெசன்ட் நகரில் இல்லை. ஆனால் அதற்கான பொருத்தம் இருக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் தமிழ்நாட்டு அலுவலகம் இங்குள்ள ராஜாஜி பவனில்தான் இயங்கி வந்திருக்கிறது. பக்கத்திலேயே கலாக்ஷேத்ரா. கொஞ்சம் தள்ளிக் கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

எதற்காக இப்படி ஒன்று?

1990-களில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஒரு எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். திஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில்தான் தமிழ் 99 விசைப்பலகை முடிவானது. அதற்கு முந்தைய வருஷமே மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தக் கதையின் சாட்சியங்கள் ஃபிளாப்பியிலும் சிடியிலும் கிடக்கின்றன, அதாவது அழிந்துகொண்டிருக்கின்றன. ஓலைச்சுவடிக்கு எதிரி கரையான். ஃபிளாப்பிக்கு ஈரமும் பூஞ்சையும், கூடவே அதைப் படிக்கும் கருவி காணாமல் போவதும். இங்கிலாந்தில் 1086-ல் எழுதப்பட்ட 'டூம்ஸ்டே' கணக்கேட்டை இன்றும் படிக்க முடிகிறது. அதன் 900-வது ஆண்டையொட்டி பிபிசி 1986-ல் லேசர் வட்டில் உருவாக்கிய டிஜிட்டல் பதிப்போ, பதினைந்தே ஆண்டுகளில் படிக்க ஆளில்லாமல், சாரி, கருவியில்லாமல் திண்டாடியது.

எல்லாவற்றையும் குளிரூட்ட வேண்டுமா?

காந்த நாடாக்களையும் வட்டுகளையும் பாதுகாக்கச் சுமார் 20 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்லது. பெசன்ட் நகரில் கூரையில்லாமல் நின்றால் இரண்டுமே கிடைக்காது. அதற்காகக் கட்டடம் முழுவதையும் கண்ணாடியால் மூடி ஏசி போடுவதுதான் வழக்கமான விடை. மேற்கு வெயில் கண்ணாடியில் இறங்கும், உள்ளே திரைகளும் சர்வர்களும் சூட்டைக் கக்கும், ஏசி இரண்டோடும் மல்லுக்கட்டும். கரன்ட் பில் வரும்போதுதான் உண்மை புரியும்.

மாற்று வழி சிக்கலானதல்ல. ஆவண அறையையும் சர்வர் அறையையும் கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவரே படாதபடி வைத்து அதை மட்டும் குளிரூட்டலாம். சுற்றிலும் மக்கள் நடமாடும் கூடங்களுக்கு நிழலும் கடற்காற்றும் மின்விசிறியும் போதும். மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றை நம்பித்தான் இந்த ஊர் வெகுகாலம் வாழ்ந்தது. கீழடியில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றங்களோடு கட்டப்பட்டது. உள்ளே தொடுதிரைகளும் உண்டு. கலாக்ஷேத்ராவின் அரங்கம் கேரளக் கூத்தம்பலத்தின் பாணியைத் தழுவியது. காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் அழிச்சுவர்தான் அந்தப் பாணியின் உயிர். ஆக, பாடம் எடுக்கத் தூரம் போக வேண்டியதில்லை.

ஆனால் காற்றை உள்ளே விட்டால் உப்பும் கூடவே வரும். அதனால் தொடுதிரைகளை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். கான்கிரீட்டில் கம்பிக்கு மேலான பூச்சு மிதமான சூழலில் 20 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு 456. கடலோரத்துக்கு 45 கேட்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காது என்று நினைப்பதும் தப்பு. 304 ரகம் கடலோரத்தில் பழுப்பேறிவிடும், 316 ரகம்தான் தாக்குப்பிடிக்கும், விலையும் கூட. பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறக்கப்பட்ட கலை, புகைப்பட அருங்காட்சியகம் தண்ணீர்த் தொட்டியை நினைவூட்டும் ஸ்டீல் தகடுகளைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பார்க்க அழகுதான். அதை அப்படியே எலியட்ஸ் கடற்கரைக்குத் தூக்கிவர முடியாது.

கட்டடமே பதில் பேசினால்?

அதே பெங்களூரு அருங்காட்சியகம் கட்டடம் திறக்கும் முன்பே, 2020 டிசம்பரில், இணையத்தில் திறந்துவிட்டது. ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் டிஜிட்டல் உருவத்திடம் கேள்வி கேட்டால் பதில் வரும். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருக்கும் ஆர்ஸ் எலக்ட்ரானிகா மையத்தில் வெளிச்சுவரே திரை. சுமார் 40,000 எல்இடி விளக்குகளைப் பார்வையாளர்கள் வெளியில் நின்றே இயக்கலாம். பெசன்ட் நகரில் இதைச் செய்தால் கூட்டம் அள்ளும். ஆனால் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித்தான் கடலைத் தேடும். கரையோரம் ஒளிரும் சுவர் அவற்றைத் தெருப்பக்கம் இழுத்துவிடும்.

பாரிஸின் அரபு உலக நிறுவனம் இன்னொரு எச்சரிக்கை. 1987-ல் கட்டியபோது, வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடும் 240 பலகைகளைத் தெற்குச் சுவரில் பொருத்தினார்கள். உலகமே வியந்தது. பிறகு பல பலகைகள் பழுதாகி நின்றுபோய், சீரமைத்து முடிக்க 2017 ஆனது. உப்புக்காற்றே இல்லாத ஊரில் இந்தப் பாடு. இங்கே கையால் திறந்து மூடும் மரச்சட்ட ஜன்னல்தான் பாதுகாப்பான இன்டராக்டிவ். எந்த ஜன்னலைத் திறந்தால் கூடத்தின் வெப்பம் எத்தனை டிகிரி குறைகிறது என்று பக்கத்திலேயே ஒரு சின்னத் திரை காட்டினால், பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கண்ணாடிக் கதவும் செக்யூரிட்டியும் இருக்கிற இடத்துக்குள் அவர்கள் எளிதில் வரமாட்டார்கள். தெருவைப் பார்த்து ஒரு நீளத் திண்ணை, அங்கே டிக்கெட் இல்லாமல் தொட்டுப் பார்க்கும் பத்து கருவிகள் என்று தொடங்கினால் வாய்ப்பு உண்டு.

மின்சாரத்துக்குக் கூரையில் சோலார் போடலாம். வர்தா மாதிரிப் புயலைத் தாங்கும் அளவுக்கு அதைப் பிணைக்க வேண்டும். தகடுகளில் படியும் உப்பை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவவும் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்கு அலையும் ஊரில் அது எங்கிருந்து வரும்? மழைநீர்த் தொட்டியைக் கடைசியில் ஒட்டவைக்காமல், முதல் வரைபடத்திலேயே போட்டுவிட வேண்டும்.