கோல்ஃப் டூர்: இலங்கையா, மொரிஷியஸா? முடிவு செய்யும் முன் உங்கள் லீவு எந்த மாசம்னு பாருங்க!

கோல்ஃப் என்றாலே பெரிய கோடீஸ்வரர்கள் ஆடுவது என்ற பேச்சு பழசாகிவிட்டது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வளர வளர, கொரிய, ஜப்பானிய அதிகாரிகளோடு வேலை பார்க்கும் நம்மூர் இன்ஜினீயர்களும், அந்த கம்பெனிகளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்பவர்களும் கோல்ஃப் மட்டையைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நந்தனம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பழகியவர்களுக்கு அடுத்த ஆசை, ஒரு தடவையாவது வெளிநாட்டில் ஆடிப் பார்க்கணும் என்பது.

அப்போது அதிகம் அடிபடும் இரண்டு பெயர்கள் இலங்கை, மொரிஷியஸ். ரெண்டும் தீவு, ரெண்டிலும் நூறு வருஷத்துக்கு மேல் கோல்ஃப் பாரம்பரியம், ரெண்டிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஆனால் பிளான்ட் ஷட்டவுனில் கிடைக்கும் ஐந்தாறு நாள் லீவையும், சேர்த்து வைத்த காசையும் தப்பான மாதத்தில் செலவழித்தால், ஹோட்டல் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: லீவு எப்போது?

பலரும் முதலில் பேக்கேஜ் விலையைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காலண்டர்.

மொரிஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் நமக்கு நேர் எதிரான பருவம். மே முதல் அக்டோபர் வரை அங்கே குளிர்காலம். மழை குறைவு, வெயிலும் கடுமையாக இருக்காது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, கூடவே புயல் சீசன். 2024-ல் நம்ம ஊரில் பொங்கல் வைத்த அதே ஜனவரி 15-ம் தேதி, பெலால் புயலால் தலைநகர் போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்து, விமான நிலையமும் மூடப்பட்டது.

இலங்கையின் கணக்கு வேறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கொழும்பும் மலையகத்தின் மேற்குப் பகுதியும் நனையும். அக்டோபர், நவம்பரில் தீவு முழுக்க மழை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலையகத்தில் நிலச்சரிவு ஏற்பட்டு சாலைகளும் ரயில் பாதையும் பெரும் சேதமடைந்தன. பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பு, நுவரெலியா பக்கம் நல்ல காலம். ஜனவரி நடுவில் மலையில் ஓரிரு நாள் சாரல் அடிக்கலாம். பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது.

இதை நம்ம லீவு கணக்கில் வைத்துப் பார்த்தால்:

• பொங்கல் லீவு: இலங்கை
• மே கடைசி, ஜூன்: மொரிஷியஸ்
• ஆயுத பூஜை, அக்டோபரில் வரும் தீபாவளி: மொரிஷியஸ்
• பிப்ரவரி, மார்ச்: இலங்கை

ஒரு விதிவிலக்கு உண்டு. இலங்கையின் தென்கோடியில் இருக்கும் அம்பாந்தோட்டை வறண்ட மண்டலம். தென்மேற்குப் பருவமழை அங்கே அவ்வளவாக எட்டாது. ஜூன், ஜூலையில் இலங்கைக்குத்தான் போயாக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகலாம்.

இலங்கையில் எங்கே ஆடலாம்?

ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்: 1879-ல் தொடங்கியது. மைதானத்துக்கு நடுவிலேயே களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் கடக்கும்வரை ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பது இங்கே வழக்கம்! பெரும்பாலும் சமதளம் என்பதால் புதியவர்களுக்கும் சரிப்படும். உறுப்பினர்களுக்கான கிளப் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யணும்.

நுவரெலியா கோல்ஃப் கிளப்: 1889-ல் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல், நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. இருபுறமும் மரங்கள், நடுவில் குறுகலான பாதை. பலமாக அடிப்பதைவிட நேராக அடிப்பவருக்கே இங்கே மரியாதை.

விக்டோரியா: கண்டிக்கு அருகே திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி 1999-ல் திறக்கப்பட்டது. மேடு பள்ளம் அதிகம்.

ஷாங்ரி-லா அம்பாந்தோட்டை: கடலோர ரிசார்ட்டின் 18 குழி மைதானம். ரத்தினக்கல் தோண்டிய நிலத்தையும் பழைய உப்பளத்தையும் சீரமைத்து உருவாக்கியது.

மொரிஷியஸில் எங்கே?

வக்வாவில் உள்ள ஜிம்கானா கிளப்பின் வரலாறு 1844-க்குப் போகிறது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் தேடிப் போவது கடற்கரை ரிசார்ட் மைதானங்களைத்தான்.

இல் ஓ செர்ஃப்: இது தீவுக்குள் ஒரு தீவு. படகில்தான் போகணும். ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்தது. பார்க்க அழகு, ஆட மிரட்டல். குறி தப்பினால் பந்து தண்ணீரிலோ புதரிலோதான். பையில் கூடுதல் பந்துகள் இல்லாமல் போகாதீர்கள்.

ஹெரிட்டேஜ், பெல் ஓம்ப்ரே: பழைய கரும்புத் தோட்ட நிலத்தில் உருவானது. 2015-ல் முதல் மொரிஷியஸ் ஓபன் நடந்தது இங்கேதான். பெரிய மைதானத்தோடு, கற்றுக்கொள்பவர்களுக்காக 9 குழிகள் கொண்ட சின்ன மைதானமும் உண்டு. 2023-ல் பக்கத்திலேயே லா ரிசர்வ் என்ற இன்னொரு 18 குழி மைதானமும் திறக்கப்பட்டது.

அனாஹிதா: தென்னாப்பிரிக்க வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்தது. இல் ஓ செர்ஃப் இருக்கும் அதே கிழக்குக் கரையில் இருப்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம்.

பயண நேரம்: இங்கேதான் கணக்கு தப்பும்

சென்னை - கொழும்பு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். தினமும் பல விமானங்கள் உண்டு. மொரிஷியஸுக்கு அந்த வசதி கிடையாது. மும்பையிலிருந்தே சுமார் ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து நேரடி விமானம் எந்தக் கிழமையில் என்று பார்த்துத்தான் தேதியை முடிவு செய்யணும். இல்லாவிட்டால் மும்பை அல்லது டெல்லியில் மாறணும். போக, வர என இரண்டு நாள் காலி.

ஆனால் இறங்கிய பிறகு நிலைமை தலைகீழ். இலங்கை, தமிழ்நாட்டின் பரப்பளவில் பாதி. கண்டியிலிருந்து நுவரெலியா 75 கி.மீ. அளவுதான், ஆனால் மலைப்பாதையில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அங்கிருந்து அம்பாந்தோட்டைக்குப் போக அரை நாள் வேணும். மொரிஷியஸ் மொத்தமே 2,040 சதுர கி.மீ. நம்ம திருவள்ளூர் மாவட்டமே அதைவிடப் பெரிது! ஒரே ரிசார்ட்டில் தங்கி, மூன்று நாளில் மூன்று மைதானம் ஆடிவிடலாம்.

நான்கு நாள்தான் லீவு என்றால் இலங்கை போய், கொழும்பு - நுவரெலியா இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேல் இருந்தால் மொரிஷியஸ் யோசிக்கலாம்.

செலவு எப்படி வரும்?

விமான டிக்கெட்டில் இலங்கைதான் மலிவு. இந்திய ரூபாய் 1-க்கு இலங்கை ரூபாய் 3-க்கு மேல் கிடைப்பதால் சாப்பாடு, கார் வாடகையும் கட்டுக்குள் இருக்கும். மொரிஷியஸ் ரூபாயின் மதிப்பு நம்ம ரூபாயைவிட அதிகம். ரிசார்ட்கள் பலவும் யூரோவில்தான் விலை சொல்கின்றன.

அதே நேரம், மொரிஷியஸில் சில ரிசார்ட்களில் தங்குபவர்களுக்கு மைதானக் கட்டணமான கிரீன் ஃபீ அறை வாடகையிலேயே சேர்ந்திருக்கும். அதனால் பேக்கேஜை ஒப்பிடும்போது இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்:

• கிரீன் ஃபீ சேர்த்தியா? எத்தனை ரவுண்டு?
• கோல்ஃப் கார்ட் வாடகை தனியா?
• மட்டை தூக்கும் கேடிக்குக் கூலி எவ்வளவு? இலங்கையில் கேடி வழக்கம். மொரிஷியஸில் பெரும்பாலும் கார்ட்தான்.
• மட்டை வாடகைக்குக் கிடைக்குமா?
• மழை வந்து ஆட முடியாவிட்டால் பணம் திரும்புமா, வேறு தேதியா?

வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கும்போது ஏஜென்ட் டிசிஎஸ் என்று ஒரு வரியும் வசூலிப்பார். அந்த ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விசா, லக்கேஜ்

மொரிஷியஸில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு இறங்கியவுடன் கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார்கள். ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடத்தின் உறுதிச் சான்று கையில் இருக்கணும். இலங்கைக்கு இடிஏ என்ற ஆன்லைன் அனுமதி வாங்கணும். இதற்கான கட்டண விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கோல்ஃப் மட்டையை விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது. செக்-இன் லக்கேஜில்தான் போடணும். பை 12 முதல் 15 கிலோ வரை வரும். ஏர்லைன்ஸுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் கவுன்டரில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். திருவாலங்காடு, திருவள்ளூர் பக்கமிருந்து கிளம்புபவர்கள் அந்தப் பையோடு காலை நேர மின்சார ரயிலில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறுவது சிரமம். நாலு பேர் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரு வேன் பிடிப்பது நல்லது.

குடும்பத்தோடு போனால்?

18 குழி ஆட நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மனைவி, குழந்தைகள் என்ன செய்வார்கள்? நுவரெலியாவில் மைதானம் நகருக்குள்ளேயே இருப்பதால் கிரகரி ஏரி, தேயிலைத் தோட்டம், சீதா எலிய கோயில் என்று அவர்கள் தனியாகவே சுற்றலாம். தமிழ் பேசுபவர்கள் அதிகம் என்பதால் பாஷைப் பிரச்சினையும் இல்லை. மொரிஷியஸில் கடற்கரையே பொழுதுபோக்கு. அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. ஆனால் தெருவில் பேசுவது கிரியோல், பிரெஞ்சு. வெளியே போக வேண்டுமானால் பெரும்பாலும் கார் தேவைப்படும்.

அப்போ எது பெஸ்ட்?

முதல் வெளிநாட்டு கோல்ஃப் டூர், லீவு குறைவு, பட்ஜெட் கட்டுப்பாடு, ஜனவரி - மார்ச் என்றால் இலங்கை. ஓரளவு கைதேர்ந்தவர், ஒரு வாரம் லீவு, மே - அக்டோபர், கூடவே கடற்கரை ரிசார்ட்டும் வேணும் என்றால் மொரிஷியஸ்.

எதுவானாலும் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம்: இன்ஷூரன்ஸில் புயல், விமான ரத்து, மட்டை தொலைவது மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா என்று மைதானத்துக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.