நீரிறைக்கும் இயந்திரம் இடைநடுவில் நிற்பதேன்?

மிளகாய்ச் செடி பூத்துக் காய் பிடிக்கும் வேளையிலும், நெற்பயிர் குடலைப் பருவம் அடையும் வேளையிலும் நீர் தடைப்படுமாயின், அதுவரை இட்ட பசளையும் செய்த பாடும் வீணாகும் என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியை அண்டிய முரசுமோட்டைப் பகுதியில் வயல்களுக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீர் பாய்கின்றது. எனினும் சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா நிலத்துக்கும் போதுவதில்லை. மேட்டு நிலத் தோட்டங்களுக்கோ வாய்க்கால் நீர் ஏறுவதில்லை. அவ்விடங்களில் பயிரின் உயிர் ஒரு சிறு இயந்திரத்தையும் பம்பியையும் நம்பியிருக்கின்றது.

அத்தகைய இயந்திரம் இறைப்பின் நடுவே தானாக நின்றுவிட்டால் என் செய்வது? பலர் கயிற்றை மீண்டும் மீண்டும் இழுத்துக் களைக்கின்றனர். சிலர் இயந்திரத்திற் பொருத்தப்பட்ட எச்சரிக்கைக் கருவியையே கழற்றி எறிகின்றனர். இவ்விரண்டும் தவறான வழிகளாகும்.

எச்சரிக்கைக் கருவி செய்யும் வேலை

இக்காலத்துச் சிறிய நாலடிப்புப் பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றில், கமக்காரர் ‘ஒயில்’ என வழங்கும் எஞ்சின் எண்ணெய் நிற்கும் அறையினுள் ஒரு சிறு மிதவை உண்டு. எண்ணெய் குறைந்தால் மிதவை தாழும். அது தாழ்ந்ததும், பிளக்கிற்குச் செல்லும் மின் நிலத்தொடுப்பாகித் தீப்பொறி அற்றுப்போகும். இயந்திரம் உடனே நிற்கும். எண்ணெய் நிரப்பும் வரை அது மீண்டும் இயங்காது. சிலவற்றில், கயிற்றை இழுக்கும்போது ஒரு சிவப்பு விளக்கும் மினுங்கும்.

முல்லைத்தீவுக் கரையிற் கடற்றொழில் செய்யும் உறவினர் உங்களுக்கு இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படகில் பூட்டும் நாலடிப்பு வெளியிணைப்பு இயந்திரங்கள் பலவற்றில், எண்ணெய் அமுக்கம் குறைந்தாலும் இயந்திரம் மிகச் சூடேறினாலும் எச்சரிக்கை ஒலி எழும். வேகமும் தானாகக் குறையும். ஆயினும் இயந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. நடுக்கடலில் நின்றால் படகிலுள்ளோர் உயிருக்கு ஆபத்து ஆதலால், மெதுவாகவேனும் கரை சேர வழி விடப்பட்டுள்ளது. அனுபவமுள்ள தொழிலாளி அவ்வொலியைக் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பாயும் குளிர்நீர்த் தாரையை முதலிற் பார்ப்பார். தாரை மெலிந்திருந்தால், நீர் புகும் வாயிற் பொலித்தீன் பையோ பாசியோ அடைத்திருக்கக்கூடும். உள்ளேயுள்ள றப்பர்ச் சுழலி தேய்ந்திருக்கவும் கூடும். அவர் ஒலியை நிறுத்த முயல்வதில்லை. ஒலி எழுந்த காரணத்தையே தேடுகிறார். கமக்காரரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபோகத்தில், முரசுமோட்டையில் மிளகாயும் கத்தரியும் பயிரிட்ட ஒரு கமக்காரரின் இயந்திரம் அரை மணிக்கு ஒரு முறை நின்றது. சிறிது நேரத்தின் பின் அசைத்து இழுத்தால் மீண்டும் இயங்கியது. எண்ணெயை அளந்தபோது அது நிறைவாகவே இருந்தது. “கருவிதான் பழுது” என்று யாரோ சொல்ல, எச்சரிக்கைக் கருவியின் வயர் கழற்றப்பட்டது. இயந்திரம் நிற்காமல் ஓடியது. மறுநாள் அவ்வழியே சென்ற எனக்கும் அவர் அதனைக் காட்டினார். “தம்பி, இப்ப ஒரு கரைச்சலும் இல்லை” என்றார். வேறு வேலையாகச் சென்றுகொண்டிருந்த நான், அடுத்த கிழமை வந்து பார்ப்பதாகக் கூறிப் போனேன்.

அடுத்த கிழமை நான் போனபோது இயந்திரம் இறுகிக் கிடந்தது. உள்ளே தண்டு முறிந்து உறையையும் உடைத்திருந்தது. வேறொரு பம்பியை இரவல் வாங்குவதற்குள் எட்டு நாட்கள் சென்றுவிட்டன. பூத்து நின்ற மிளகாய்ச் செடிகள் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிட்டன.

பின்னர் காரணம் விளங்கிற்று. இயந்திரம் வாய்க்காற் கரையின் சாய்வில் வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் நிறைவாக இருந்தும் ஒரு பக்கமாக ஒதுங்கியது, மிதவை தாழ்ந்தது. எண்ணெயை அளக்கும்போது மட்டும் இயந்திரத்தை மேட்டிலே சம நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆதலால் அளவு சரியாகவே தெரிந்தது. எண்ணெய் ஒதுங்கினால் தெறித்துச் சென்று தண்டையும் முசலத்தையும் நனைக்க மாட்டாது. எனவே கருவி பொய் சொல்லவில்லை. இயந்திரத்தைத் தூக்கிச் சமமான இடத்தில் வைத்திருந்தால் ஒரு சதமும் செலவின்றிக் குறை தீர்ந்திருக்கும். வயரைக் கழற்றியது, குரைத்த நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கள்ளனுக்குக் கதவு திறந்ததை ஒத்தது. அன்றே அதனைத் திருப்பிப் பூட்டச் சொல்லாதது என் பிழை. அப்பிழை வேறெவருக்கும் நேராதிருக்கவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

எவ்வாறு நின்றது என்பதை முதலிற் கவனியுங்கள்

வைத்தியர் நோயாளியிடம் நோய் வந்த விதத்தைக் கேட்பதுபோல, நீங்களும் இயந்திரம் நின்ற விதத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

1. சுவிச்சை நிறுத்தியதுபோலச் சடுதியாக நின்றால்: எண்ணெய் அளவையும் இயந்திரம் நிற்கும் சமத்தையும் பாருங்கள். பின்னர் பிளக்கையும், அதன் வயர் தளர்ந்துள்ளதா என்பதையும் பாருங்கள்.

2. இருமி இருமி, வேகம் ஏறி இறங்கி நின்றால்: எரிபொருள் சரியாக வரவில்லை. தாங்கி மூடியையும், எரிபொருட் குழாயையும், வடிகட்டியையும் பாருங்கள்.

3. கறுத்த புகை கக்கித் திணறி நின்றால்: காற்று போதவில்லை. சோக் மூடியபடி இருக்கலாம். காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கலாம்.

4. சூடேறிய பின் நின்று, ஆறிய பின் மட்டும் இயங்கினால்: இயந்திரத்தின் குளிர்ச்சிச் செட்டைகளிடையே வைக்கோலும் மண்ணும் அடைத்துள்ளனவா எனப் பாருங்கள். அவை சுத்தமாயின், சூட்டிற் பழுதாகும் மின்சுருளே காரணமாகலாம். இயந்திரம் நின்ற உடனேயே தீப்பொறி உண்டா எனப் பரிசோதித்தால் இது தெளிவாகும். ஆறிய பின் பார்த்தாற் குறை தெரியாது.

5. பாரம் தாங்காததுபோல முனகி நின்றால்: குறை பம்பியில் இருக்கலாம். சல்வீனியாவோ புல்லோ கல்லோ உள்ளே சென்று சுழலியைத் தடுத்திருக்கும்.

எண்ணெய்

இயந்திரத்தைச் சம நிலத்தில் வைத்து, நிறுத்திய பின்னரே எண்ணெயை அளக்க வேண்டும். கமக்காரர் பயன்படுத்தும் இரண்டு அங்குல, மூன்று அங்குலப் பெற்றோற் பம்பிகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 0.6 லீற்றர் எண்ணெய் மட்டுமே தேவை. இவ்வளவு சிறிய கொள்ளளவில் ஒரு தேநீர்க் கோப்பை குறைந்தாலும் ஆபத்தாகும். ஆதலால் ஒவ்வொரு நாளும் இறைப்புத் தொடங்குமுன் எண்ணெய் பார்த்தல் வேண்டும். புதிய இயந்திரத்தில் முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின்னும், அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் எண்ணெயை மாற்றுவது பொதுவான முறையாகும். உங்கள் இயந்திரத்தோடு வந்த கைந்நூல் வேறு அளவு கூறின், அதனையே பின்பற்றுங்கள்.

எரிபொருள்

தாங்கியின் மூடியில் ஒரு நுண்துளை உண்டு. எரிபொருள் இறங்க இறங்க அத்துளை வழியே காற்று உட்செல்ல வேண்டும். துளையில் தூசி அடைத்தால், இயந்திரம் சிறிது நேரம் நன்றாக ஓடி, பின் பட்டினியால் நிற்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் இயந்திரம் சீராக ஓடுமாயின் குறை இதுவே. துளையைச் சுத்தஞ் செய்யுங்கள். மூடியைத் தளர்த்தியபடியே ஓட்டாதீர்கள். தளும்பும் பெற்றோல் சூடான புகைக்குழாயிற் பட்டால் தீப்பற்றும்.

எரிபொருளில் நீர் கலந்திருப்பதும் அடிக்கடி காணப்படும் குறையாகும். காபரேற்றரின் அடியிலுள்ள வடிகிண்ணத்தைக் கழற்றி, அதிலுள்ளதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பாருங்கள். நீர் அடியிலும் பெற்றோல் மேலும் பிரிந்து நிற்கும்.

மண்ணெண்ணெய் பற்றி இங்கு சிறப்பாகக் கூற வேண்டும். 1990ஆம் ஆண்டின் பின் வடக்கில் எரிபொருட் கட்டுப்பாடு இருந்த காலத்தில், எம் மக்கள் சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். வேறு வழியற்ற காலத்தில் அது பயிரைக் காத்தது. ஆயினும் பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினால் பிளக்கிற் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அப்போது எண்ணெயின் அளவு குறையாது, கூடுதலாகவும் தோன்றும். மிதவை தாழாததால் எச்சரிக்கையும் வராது. எண்ணெயில் மண்ணெண்ணெய் மணந்தால் உடனே மாற்றுங்கள்.

மண்ணெண்ணெய் மலிவு என்ற எண்ணமும் இன்று முன்போற் பொருந்தாது. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய்க்கென்றே ஆக்கப்பட்ட இயந்திரமாயின், பெற்றோலிற் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புங்கள். அப்போதுதான் மறுநாள் இலகுவிற் கிளம்பும்.

பிளக்கும் காற்று வடிகட்டியும்

பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை வைப்பது பெரும்பாலான சிறிய இயந்திரங்களுக்குப் பொருந்தும். தீப்பொறி பரிசோதிக்கும்போது பிளக்கின் உலோக உடலை இயந்திரத்தின் மீது அழுத்தி வையுங்கள். பிளக் துளைக்கு அருகில் வையாதீர்கள். சிந்திய எரிபொருளை முதலில் துடைத்துவிடுங்கள். காற்று வடிகட்டியை 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும், சூடடிக்கும் தூசுக் காலத்தில் அதனிலும் அடிக்கடியும் சுத்தஞ் செய்தல் வேண்டும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுதல் கூடாது. உட்செல்லும் மண் முசலத்தை அரைத்துவிடும்.

பம்பியும் கிணறும்

பம்பியினுள் நீர் நிரப்பாது இயக்கினால் அதன் அடைப்பு வளையம் சில நிமிடங்களிற் கருகிவிடும். உறிஞ்சு குழாயின் நுனியிற் கூடை வடியைப் பொருத்தி, அது சேற்றிற் புதையாதவாறு வையுங்கள். நீர்மட்டத்திலிருந்து பம்பி 7 மீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தால் நீர் சரிவர ஏறாது.

நீர் கீழிறங்கும் கோடையில், இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கச் சிலர் துணிகின்றனர். இதனை ஒருபோதும் செய்யாதீர்கள். இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. அது கிணற்றினுள் தேங்கி நின்று, இறங்குபவரை மயக்கிக் கொன்றுவிடும். அவரைத் தூக்க இறங்குபவருக்கும் அதே கதியே நேரும்.

டீசல் இயந்திரமும் வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரமும்

இரு சில்லு உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினிற் பிளக் இல்லை. அது இடைநடுவில் நின்றால் எரிபொருள் வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது குழாயிற் காற்றுப் புகுந்திருக்கும். காற்று வெளியேற்றும் திருகாணியைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும் வரை விட்டு மீண்டும் இறுக்குங்கள். குளிர்ச்சி நீரையும் நாள்தோறும் பாருங்கள். சூடான வேளையில் அதன் மூடியைத் திறவாதீர்கள்.

2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளம் கிளிநொச்சி மாவட்டத்துக்கு ஒரு பாடமாயிற்று. வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்தல் ஆகாது. எண்ணெய் பால்போல் வெளிறியிருந்தால் உள்ளே நீர் சென்றுள்ளது என்பது பொருள். எண்ணெயையும் எரிபொருளையும் முற்றாக வடித்து, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, இயந்திரத் திருத்துநரிடம் காட்டிய பின்னரே இயக்குங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. இயந்திரத்தைச் சமமான, உறுதியான இடத்தில் வையுங்கள். வாய்க்காற் கரை சாய்வாயின் மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்கள்.
2. நாள்தோறும் தொடங்குமுன் எண்ணெய் பாருங்கள்.
3. ஓடிய மணி நேரத்தை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள்.
4. ஒரு பிளக்கையும் ஒரு லீற்றர் எஞ்சின் எண்ணெயையும் எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.
5. சூடான இயந்திரத்தில் எரிபொருள் ஊற்றாதீர்கள்.
6. எச்சரிக்கைக் கருவியின் வயரைக் கழற்றாதீர்கள். கருவியே பழுது என ஐயுற்றால், திருத்துநரிடம் காட்டி மாற்றுங்கள்.

மேற்கூறியவாறு பார்த்தும் குறை தீராவிடின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது கமநல சேவை நிலையத்தில் அன்றே தெரிவியுங்கள். பூத்த பயிர் அடுத்த கிழமை வரை காத்திராது.