உள்ளத்தின் ஐந்தொகை: கிறித்தவ நெறியில் தன்னாய்வும் முதிர்ச்சியும்



நம் தீவுகளில் கோயில் மணியும், பள்ளிவாசல் பாங்கும், மாதா கோவில் மணியும் ஒரே தெருவில் கேட்டு வளர்கிறார்கள் நம் பிள்ளைகள். கிறித்தவர்களிலேயே தமிழர், ராஞ்சியிலிருந்து வந்தவர், மாயாபந்தர் பக்கத்துக் கரேன் மக்கள், நிக்கோபாரியர் என்று பல மொழியினர் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் கேக் வாங்கிக்கொள்கிறோம், பொங்கல் வந்தால் கரும்பு கொடுக்கிறோம். ஆனால் அவர்கள் நாற்பது நாள் தவக்காலம் இருக்கிறார்களே, அந்த நாட்களில் உள்ளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று நம்மில் பலரும் கேட்டதில்லை.

அடியேன் சமண மரபில் பிறந்தவன். தொழில் மளிகையும் கொப்பரையும். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. "சமணருக்குக் கிறித்தவத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எதை நினைத்து அழுகிறார், எதை நினைத்து நிம்மதி அடைகிறார் என்று தெரிந்துகொள்வதும் அறந்தான் என்பது என் எண்ணம். அந்த நெறியில் "உள்ளத்தைச் சோதித்தல்" என்பதும் "ஆவிக்குரிய முதிர்ச்சி" என்பதும் எவை என்று எனக்கு விளங்கிய அளவில் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதிர்ச்சி என்றால் என்ன?

கொப்பரை வியாபாரிக்கு முதிர்ச்சி என்றால் தேங்காய்தான் நினைவுக்கு வரும். முற்றாத காயில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆட்டினால் சத்தம் வராது. முற்றிய காயில் தண்ணீர் குறைந்து பருப்பு கூடியிருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டைதான். உள்ளே அழுகியிருந்தாலும் உடைக்கும் வரை தெரியாது.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம் இதைப் பாலையும் கெட்டியான உணவையும் வைத்து விளக்குகிறது. குழந்தைக்குப் பால் போதும். நன்மை எது, தீமை எது என்று பழகிப் பழகிப் பகுத்தறியத் தெரிந்தவர்களுக்கே கெட்டியான உணவு. எத்தனை வசனம் மனப்பாடம், எத்தனை ஆண்டு சபைக்குப் போனார் என்பதை வைத்து இந்த முதிர்ச்சியை அளப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. பகுத்தறியும் பழக்கமே அளவுகோல்.

இப்படி வளர்ந்தவர்களைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் எடுத்தாளும் ஒரு சொல் "தேறினவர்கள்" என்பது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய தண்ணீர் தெளிவதையும் தேறுதல் என்றே சொல்லுவோம். அதனால்தான் தண்ணீரைத் தெளியவைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பேர். இந்தச் சொல்லுக்குப் பின்னால் மீண்டும் வருவேன்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில், திருவிருந்தில் கலந்துகொள்ளுமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்தச் சபையில் பணக்காரர் முன்னதாக வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டித்து எழுதும்போதுதான் இந்த அறிவுரை வருகிறது. ஆக, தன்னாய்வு என்ற பேச்சே பந்தியில் பக்கத்தில் இருப்பவனை மறந்த குற்றத்திலிருந்து எழுந்திருக்கிறது.

கத்தோலிக்கரிடம் இது ஒரு முறையாகவே வளர்ந்தது. இக்னேஷியஸ் லொயோலா இயற்றிய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலுக்கு 1548இல் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்தது. முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் அவருடைய தோழர். அந்த நூல் சொல்லும் தன்னாய்வில் ஐந்து படிகள் உண்டு. முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, தன் குற்றத்தைத் தானே காணும் வெளிச்சம் வேண்டுதல். மூன்றாவது, காலை முதல் நேரம் நேரமாக நினைவு, சொல், செயல் என்று புரட்டிப் பார்த்தல். நான்காவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, திருந்துவதற்கு உறுதி எடுத்தல்.

வியாபாரியான எனக்கு அதிலே மிகவும் பிடித்தது இன்னொரு பகுதி. ஒருவர் தம்மிடம் உள்ள ஒரே ஒரு குற்றத்தை, கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்கிறார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போடுகிறார். மதியம் வரை எத்தனை தடவை தவறினாரோ அத்தனை புள்ளி ஒரு கோட்டில், இரவு வரை தவறியது மற்றக் கோட்டில். நேற்றைக்கு இன்று குறைந்ததா, போன வாரத்துக்கு இந்த வாரம் குறைந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். நம்ம கடைச் சிட்டை மாதிரியே இருக்கிறதல்லவா?

இந்த ஐந்து படிகளிலே முதற்படி நன்றி என்பதை மறந்துவிடக் கூடாது. குற்றத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் மனசு சோர்ந்துவிடும். வரவையும் செலவையும் சேர்த்து எழுதினால்தான் ஐந்தொகை. செலவை மட்டும் எழுதுகிறவன் கணக்கன் இல்லை.

பிறர் பேரேட்டைப் புரட்டுதல்

பழைய ஏற்பாட்டிலே தாவீது அரசர் கதை உண்டு. பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் சாகவைத்தார். நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து, ஆடு மாடு ஏராளமாக வைத்திருந்த ஒருவன், விருந்தாளிக்கு உணவாக்க ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொன்னார். அரசருக்குக் கோபம் பொங்கியது; அவன் சாக வேண்டியவன் என்று தீர்ப்புச் சொன்னார். "அந்த ஆள் நீர்தான்" என்பதே நாத்தானின் மறுமொழி.

அடுத்தவன் கணக்கிலே பிழை கண்டுபிடிக்கும் திறமை நமக்கெல்லாம் பிறவியிலேயே உண்டு. அதே கண்ணைத் தன் மேல் திருப்புவதுதான் முதிர்ச்சி. நம் வள்ளுவரும் குற்றங்கடிதல் அதிகாரத்தில், முதலில் தன் குற்றத்தை நீக்கிப் பிறகு பிறர் குற்றத்தைப் பார் என்று அரசனுக்குச் சொல்லியிருக்கிறார்.

சமணத்தோடு ஓர் ஒப்பீடு

எங்கள் மரபிலே இதற்குப் பிரதிக்கிரமணம் என்று பேர். சென்ற வழியிலே திரும்பி வருதல் என்று பொருள். பகலில் செய்த பிழைக்கு மாலையில், இரவில் செய்த பிழைக்குக் காலையில், பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று, நான்கு மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று வரிசை உண்டு. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று நாங்கள் கடையில் வைப்பது போலத்தான்.

உயிர் முதிர்ந்து ஏறும் படிகளைக் குணஸ்தானம் என்று பதினான்காகச் சொல்லுவார்கள். அதிலே பதினோராம் படியில் மோகம் அடங்கியிருக்கும், ஆனால் அழிந்திருக்காது. தேற்றாங்கொட்டை போட்ட தண்ணீரில் சேறு அடியில் படிந்திருப்பது போல என்பது உவமை. பார்க்கத் தெளிவு, ஆட்டினால் மறுபடி கலங்கும். அதனால் அந்தப் படியிலிருந்து கீழே விழுவதும் உண்டு. பன்னிரண்டாம் படி, தெளிந்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றியது போன்றது. அங்கே கலங்குவதற்குச் சேறே இல்லை. "தேறினவர்கள்" என்ற வேதாகமச் சொல்லைப் படித்தபோது எனக்கு இந்த உவமைதான் நினைவுக்கு வந்தது.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. சேற்றை அகற்றுவது அவரவர் முயற்சி என்பது சமணம். மனிதன் தன் பலத்தால் மட்டும் அதை அகற்ற முடியாது, இறைவனின் கிருபை வேண்டும் என்பது கிறித்தவம். ஆனால் சேறு இருப்பதை ஒத்துக்கொள்ளாதவனுக்கு இரண்டு நெறியிலும் வழி கிடையாது.

சோதனை எங்கே முடிகிறது?

இதுதான் இக்கட்டுரையின் மையம். கண்ணை மூடி வருந்துவதோடு கிறித்தவத் தன்னாய்வு முடிவதில்லை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன் மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசுவின் மலைப்பிரசங்கப் போதனை. வரி வசூலித்த சகேயு மனம் மாறியபோது, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னார். கண்ணீர் சிந்தியதாக அங்கே எழுதியில்லை. கணக்குத் தீர்த்ததாகத்தான் எழுதியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பெரிய வெள்ளிக்கு முந்திய நாள் ஒரு வாடிக்கையாளர் என் கடைக்கு வந்தார். "நயினாரய்யா, போன வருஷம் நீங்க பத்து மூட்டை அரிசி அனுப்பினீங்க, ஒன்பதுக்குத்தான் காசு கொடுத்தேன். அப்பவே எனக்குத் தெரியும். ராத்திரி ஜெபத்துல உட்கார முடியல" என்று பணத்தை மேசையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் நடந்த நடையிலே ஒரு இலேசு இருந்தது. தவக்காலத்துக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கியது அன்றுதான்.

ஹெர்ன்ஹூட்டிலிருந்து நான்கவுரி வரை

இந்தப் பாடத்துக்கும் நம் தீவுகளுக்கும் பழைய தொடர்பு உண்டு என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியச் சகோதரர் என்ற கிறித்தவக் கூட்டத்தார் தங்களுக்குள் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1727 ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து ஊர் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் அவர்கள் ஒருவரோடொருவர் ஒப்புரவானார்கள். தங்கள் சபைக்குப் புது உயிர் வந்த நாளாக அதைத்தான் இன்றும் நினைவுகூர்கிறார்கள். திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு மூத்தவரிடம் தனியே தம் உள்ளத்தின் நிலையைப் பேசுவதும் அவர்கள் வழக்கமாயிற்று.

அந்தக் கூட்டத்தார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்து 1768இல் நிக்கோபாரின் நான்கவுரித் தீவுக்குப் போனார்கள். காய்ச்சல் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. 1787இல் பணியை மூடிவிட வேண்டியதாயிற்று. மூடுவதற்குப் போன ஹேன்சல் என்பவரின் கடிதங்கள் 1812இல் லண்டனில் நூலாக வந்தன. பதினொரு தோழர்கள் புதைந்த இடத்தைப் பார்த்து அழுததையும், இவ்வளவும் வீணாகிப் போகாது என்று கதறியதையும் அதிலே எழுதியிருக்கிறார். சபையில் சேர்ந்தவர் என்று காட்ட அவர்களிடம் கணக்கு இல்லை. பலனைக் காணாமலே கடமையைச் செய்து முடிப்பதும் முதிர்ச்சியின் ஓர் அடையாளம் என்றே எனக்குப் படுகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1890களில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு ஒரு தமிழர் போனார். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பேர். அரசின் முகவர், உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் அவரே. அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் லண்டன் மானிடவியல் இதழில் அச்சாயின. அவர் பள்ளியில் படித்த ஹா சேவ் கா என்ற நிக்கோபாரிச் சிறுவன் மேற்படிப்புக்குப் பர்மா போய் ஜான் ரிச்சர்ட்சன் ஆகி, 1912இல் திரும்பி வந்து ஆசிரியரானார். வேதாகமத்தைக் கார் நிக்கோபாரி மொழியில் கொண்டுவருவதில் பெரும் பங்கு அவருடையது. உள்ளத்தைச் சோதிப்பதற்கு அவரவர் தாய்மொழி வேண்டும். கடன்வாங்கிய மொழியில் மனசு உண்மையைச் சொல்லாது என்பது வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்குத் தெரியாததா?

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நிக்கோபாரியர் பலர் உளவாளி என்ற சந்தேகத்தில் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார், உயிர் தப்பினார். 1950இல் பிஷப், 1952இல் நியமன மக்களவை உறுப்பினர், 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் என்று சிறப்புகள் வந்தன. 1978இல் மறைந்தார். நான்கவுரியில் அழுத அந்தக் கேள்விக்கு ஒரு தமிழ் வாத்தியாரும் அவர் மாணவரும் பதிலானார்கள் என்றே சொல்லலாம்.

நமக்கு ஒரு வேண்டுகோள்

கார் நிக்கோபாரில் தென்னந்தோப்பு துஹெத் என்ற கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணம் தனித்தனிக் குடும்பங்களுக்குப் போனதால் அந்தக் கூட்டிலே உரசல் வந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்து "ஐயோ பாவம்" என்று நாம் சொல்லுவது, தாவீது கதையாகிவிடக் கூடாது. ஊரிலே பூர்வீக வீட்டுப் பங்கு, நிலத்து வரப்பு என்று அண்ணன் தம்பியோடு பத்து வருஷம், இருபது வருஷம் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் நம் சங்கத்திலே எத்தனை? கப்பலிலே சென்னை போய், துக்க வீட்டில் மட்டும் முகம் பார்க்கிறவர்கள் எத்தனை?

எந்த மதத்தவராயினும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். இரவு விளக்கணைக்கும் முன் பத்து நிமிஷம். அன்று பெற்ற நன்மை ஒன்று, செய்த பிழை ஒன்று. பிழை யாருக்குச் செய்ததோ, மறுநாள் அவரிடம் ஒரு வார்த்தை. பெரியவர்கள் செய்தால் பிள்ளைகள் தானே கற்றுக்கொள்ளும். பிள்ளையின் பிழையைப் பெரியவர் எழுதக் கூடாது; அவரவர் சிட்டை அவரவர் கையில்.

இதற்காகக் கப்பல் ஏற வேண்டாம், ஒரு போன் போதும். தம்பி எடுக்காவிட்டால் மறுநாள் மறுபடி போடுங்கள். கணக்கு முடிக்காத வியாபாரிக்கு ராத்திரி தூக்கம் வராது. அண்ணன் தம்பி கணக்கும் அப்படித்தான்.